விடை சொல்லாத டீச்சர்

எங்கள் பள்ளியில் அவர் நாலு மாதம் இருந்தார். அந்த நாலு மாதத்தில் ஒரு கணக்குக்கும் அவர் வாயிலிருந்து விடை வந்து நான் கேட்டதில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால், சுக்குக் கிடங்குகளை ஒட்டி இருக்கிற சின்னப் பள்ளி. நாலாம் வகுப்பு வரைதான். ரெண்டாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போனபோது தினக்கூலிக்கு ஆள் எடுத்தார்கள். அப்படி வந்தவர்தான் அவர். திருப்பூணித்துறையிலிருந்து ரெண்டு பஸ் மாறி வருவார். முப்பது வயதுக்குள் இருக்கும். வீட்டில் தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாங்கள் மூன்று தலைமுறையாகச் சுள்ளிக்கல்லில் இருக்கிறவர்கள். ஆனாலும் ஸ்டாஃப் ரூமில் தமிழ் பேச எனக்கு அதுவரை ஆள் இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு எடுக்கிறவள். என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு மரத்தட்டி மட்டும். இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். ஜூன் மாத மழை. என் பிள்ளைகள் ஆறாம் வாய்ப்பாட்டை ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். வகுப்பில் ஒருவரும் இல்லை. எல்லோரும் வராந்தாவில் இருந்தார்கள். நனைந்த செருப்புகளில் கொஞ்சத்தை வரிசை கட்டி வைத்திருந்தார்கள்.

“நாலு வரிசை. வரிசைக்கு ஆறு செருப்பு. ஆகெ எத்தனை?” என்று கேட்டார் அவர்.

“இருபத்திமூணு” என்றாள் ஒரு குழந்தை.

“அப்படியா? காட்டு பார்ப்போம்.”

“இல்ல டீச்சர், இருபத்திநாலு” என்றது இன்னொன்று.

“அப்படியா? நீயும் காட்டு.”

ரெண்டு பேரிடமும் ஒரே குரல். சரியான விடைக்கு ஒரு துளி மகிழ்ச்சி இல்லை, தப்பான விடைக்கு ஒரு சின்னச் சுளிப்பு இல்லை. பதினெட்டு வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் நம் முகம் தானாகக் காட்டிக்கொடுத்துவிடும். இவர் முகம் காட்டவில்லை. எவ்வளவு பழகியிருந்தால் அப்படி முகத்தை வைத்துக்கொள்ள முடியும் என்று நினைத்தேன். அன்றைக்கு விழுந்த விதை அது.

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கலாம். பால்காரர் பாத்திரத்தைச் சாய்க்கும்போது நான் பாலைப் பார்க்க மாட்டேன், அவர் கண்ணைத்தான் பார்ப்பேன். அதற்குப் பிறகு அந்த டீச்சரையும் அப்படித்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

அவரிடம் ரெண்டு தாயக்கட்டைகள் இருந்தன. சப்பாத்திக் கட்டை கடைசலில் மிஞ்சிய மரமாம், அவரே புள்ளி வைத்திருந்தார். ஒரு கட்டையை உருட்டினால் எத்தனை வரிசை, இன்னொன்றை உருட்டினால் வரிசைக்கு எத்தனை. கட்டம் போட்ட நோட்டில் அந்த அளவுக்கு ஒரு செவ்வகம் வரைந்து வண்ணம் அடிக்க வேண்டும். அந்த விளையாட்டுக்கு ‘பறம்பு பிடிக்கிற களி’ என்று பெயர். பக்கம் முழுக்க யார் அதிகமாகப் பறம்பு, அதாவது நிலம், பிடிக்கிறார்களோ அவர்கள்தான் ஜெயித்தவர்கள். ஒரு நாள் ஒரு சிறுமி நோட்டைக் குறுக்கே திருப்பிவிட்டு, “டீச்சர், மூணு வரிசையில நாலு இருந்துச்சு. சாய்ச்சா நாலு வரிசையில மூணு ஆயிடுச்சு” என்றாள். அவர் அந்த நோட்டை வாங்கி ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண் விரியச் சிரித்தார். நடிப்பாகத் தெரியவில்லை. அப்போதுதான் முதன்முதலில் பார்க்கிறவர் மாதிரி இருந்தது. ஒரு டீச்சருக்கு இது எப்படிப் புதிதாக இருக்கும்?

ஜூலையில் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு ஜூ டவுன் கடைத்தெருவுக்குப் போனார். பழம்பொருள் கடை ஒன்றில் நிறைய இழுப்பறைகள் கொண்ட பெரிய அலமாரி இருந்தது. வரிசைக்கு ஆறு இழுப்பறை, ஐந்து வரிசை. இருபத்தேழு பிள்ளைகளும் அதன் முன்னால் நின்று விரலை நீட்டிக் கத்தியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் ஃபோட்டோ எடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் எங்கள் எச்.எம்.முக்கு ஃபோன் செய்து, கடைக்கு வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்றார். எனக்கோ வேறு மாதிரி தோன்றியது. குழந்தைகளைக் காட்டி வெளிநாட்டுக்காரர்களை நிறுத்தி வைக்கக் கடைக்காரரே ஏற்பாடு செய்துவிட்டு, அதை மறைக்க இப்படி ஃபோன் செய்கிறாரோ என்று. ஸ்டாஃப் ரூமில் ரெண்டு பேரிடம் சொல்லவும் சொன்னேன். பிறகு அது பொய் என்று தெரிந்தது. சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

நிஜமான தடயம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிடைத்தது. எங்கள் பள்ளியில் வாரத்துக்கு ஒரு நாள் முட்டை. சமையல் சேச்சி ஒரு முட்டை அட்டையைக் காட்டி, “டீச்சரே, எத்ர உண்டு?” என்று, எத்தனை முட்டை என மலையாளத்தில் கேட்டார். ஓர் அட்டையில் வரிசைக்கு ஆறு, ஐந்து வரிசை. யாருக்கும் தெரியும். ரெண்டாம் வகுப்பு டீச்சரோ பக்கத்தில் நின்ற குழந்தையிடம், “மோளே, நீ சேச்சிக்குச் சொல்லிக்கொடு” என்றார். குழந்தை சொல்லி முடிக்கும்வரை நான் அவர் வலது கையைப் பார்த்தேன். புடவை மடிப்புக்குள் விரல்கள் அசைந்தன. கட்டைவிரல் ஒவ்வொரு விரலையும் தொட்டுத் தொட்டு நகர்ந்தது.

என் மகள் நித்யா அந்த வருஷம் அவர் வகுப்பில்தான் இருந்தாள். அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

“ஆறாறு எத்தனை?”

அவள் யோசித்தாள். “அஞ்சு ஆறு முப்பது. ஆறாறு பக்கத்து வீடு. இன்னொரு ஆறைத் தூக்கிட்டுப் போனா முப்பத்தாறு.”

“பக்கத்து வீடா? மனப்பாடமா சொல்லு.”

“டீச்சர் அப்படிச் சொல்லித் தரல. ஒரு வீடு தெரிஞ்சா போதும், மத்த வீட்டுக்கு நடந்து போயிடலாம்னு சொன்னாங்க.”

“அவங்களுக்குத் தெரியுமா எல்லா வீடும்?”

நித்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் விடவில்லை. கடைசியில் மெல்லச் சொன்னாள்: “டீச்சருக்கு மறந்து போயிடும்மா. நாங்க சொல்லிக்கொடுப்போம்.”

“தெரியாத மாதிரி நடிக்கிறாங்க. டீச்சர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வோம்.”

“நடிக்கல. நெஜமாவே தெரியாது.”

நான் குரலைத் தாழ்த்தினேன். “யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்களா?”

“அவங்க ஒண்ணும் சொல்லல. நாங்களா முடிவு பண்ணினோம்.”

இருபத்தேழு பிள்ளைகள், ஏழு வயது, ஒருவர் வீட்டிலும் சொல்லாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அது அன்பு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. ஏதோ வசியம் செய்து வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. சர்ட்டிஃபிகேட் எல்லாம் உண்மைதானா, யாராவது எழுதிக்கொடுத்துப் பாஸானவரா என்று ராப்பகலாக அதே யோசனை. எச்.எம்.மிடம் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த டீச்சரிடமே கேட்டிருக்கலாம். நான் எல்லோரும் இருக்கிற நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

ஓணம் வந்தது. விடுமுறைக்கு முந்தைய நாள் பள்ளியில் ஓணச் சாப்பாடு. பெற்றோர்கள் வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஹாலில் ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு இலை போடலாம் என்று எச்.எம். சொன்னார். “முதல் பந்திக்கு எத்ர இலை வேணும் டீச்சரே?” என்று பொதுவாகக் கேட்டார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். “ரெண்டாம் கிளாஸ் டீச்சர் சொல்லட்டும். கணக்கை விளையாட்டா சொல்லித் தர்றவங்க.”

அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்த குழந்தையைத் தேடினார்.

“குழந்தை வேணாம் டீச்சர். நீங்க சொல்லுங்க. ஏழெட்டு எத்தனை?”

காய் நறுக்குகிற சத்தம் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கை புடவை மடிப்புக்குள் போனது, பிறகு தானாக வெளியே வந்தது. ரெண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

“அறியாது” என்றார்.

யாரோ ஒருவர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

“இல்ல, நெஜமா எனக்கு அறியாது. எனக்கு அது ஓர்மையில நிக்காது. ஒரு நிமிஷம் தந்தா கண்டுபிடிச்சுச் சொல்றேன்.”

அந்த ஒரு நிமிஷத்தை யாரும் தரவில்லை. எச்.எம். சட்டென்று, “ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு. இலை அறுக்கப் போங்க” என்று பேச்சை மாற்றினார். நான் பூசணிக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தேன். துண்டுகள் ஒரே அளவில் விழுந்தன. அதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது பெற்றோர்கள் கையெழுத்துப் போட்ட மனு வந்திருந்தது. வாய்ப்பாடு தெரியாதவரிடம் எங்கள் பிள்ளைகளை எப்படி விடுவது என்று எழுதியிருந்தார்கள். எச்.எம். அந்த டீச்சரின் சர்ட்டிஃபிகேட்டுகளைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்க அனுப்பினார். எல்லாம் சுத்தம். ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பெற்றோர்கள் விடவில்லை. “ஞான் எந்து செய்யும்?” என்று எச்.எம். என்னிடமே வந்து கையை விரித்தார். வேறு ஆள் கிடைத்ததும் அவரைப் போகச் சொல்லிவிட்டார்.

போகிற அன்று அவர் என்னிடம் வந்தார். பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். வராந்தா ஓரத்தில் நின்றோம். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நான் பதிலை எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

“நீங்க பொய் ஒண்ணும் சொல்லல டீச்சர்” என்றார். “ஆனா என்கிட்ட தனியாக் கேட்டிருக்கலாம். நான் மறைச்சிருக்க மாட்டேன்.”

“எப்படிப் பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணினீங்க?” அந்த நேரத்திலும் என் வாயில் அதுதான் வந்தது.

அவர் அதற்குக் கோபப்படவில்லை. “பாட்டு நிக்கும். ஆள் பேரு நிக்கும். ஒரு தடவை பார்த்த வழி மறக்காது. இது மட்டும் நிக்காது. நாலாங்கிளாஸ்ல நான் உள்ள இருந்ததைவிட வாசல்ல முட்டி போட்டது கூடுதலாக்கும். பரீட்சைப் பேப்பர் ஓரம் பூரா புள்ளி வச்சு எண்ணுவேன். எல்லாரும் எழுதி முடிச்சுப் போனாலும் நான் எண்ணிட்டு இருப்பேன்.” என்னைப் பார்த்தார். “உங்களுக்கெல்லாம் விடை உடனே வந்துடும். நான் ஒவ்வொரு தடவையும் நடந்துதான் போகணும். நடந்து நடந்து வழி எல்லாம் தெரிஞ்சுபோச்சு. அந்த வழியைத்தான் பிள்ளைங்களுக்குக் காட்டினேன். வேற ஒண்ணும் எனக்கு அறியாது.”

அவர் பையைத் தோளில் மாட்டினார். ரெண்டடி போனவர் திரும்பினார்.

“நித்யாவைப் பார்த்துக்கோங்க டீச்சர். அவசரப்படுத்தாதீங்க.”

போகும்போது சாபம் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன். என் மகளுக்கு என்ன குறை? வீட்டுக்குப் போனதும் திருஷ்டி சுற்றிப் போட்டேன்.

அடுத்த ஜூனில் அந்தப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு, என்னிடம் வந்தார்கள். அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு மாதத்தில் முக்கால்வாசிப் பேர் வாய்ப்பாட்டைக் கடகடவென்று சொன்னார்கள். நடந்து பழகிய வழியில் ஓட அவர்களுக்குக் கஷ்டம் இருக்கவில்லை.

நித்யாவுக்கு மட்டும் வரவில்லை.

சாயங்காலம் அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பாள். காலையில் கேட்டால் ஒன்றும் இருக்காது. வேண்டுமென்றே செய்கிறாள், அந்த டீச்சரை அனுப்பியதற்கு என்னைப் பழிவாங்குகிறாள் என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்தேன். பெற்ற மகள் மேலேயே சந்தேகம். நூறு தடவை எழுத வைத்தேன். எழுதினாள். மறுநாள் காலையில் போயிருந்தது. மற்ற பிள்ளைகள் முன்னால் பாரபட்சம் காட்டக்கூடாது என்று ஒரு நாள் அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். அழாமல் நின்றாள்.

ஆகஸ்டில் ஒரு நாள், “ஏழாறு?” என்று அவளைக் கேட்டேன். எழுந்து நின்றாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. சுத்தமாகத் துடைத்து வைத்த முகம். என் கண் கீழே போனது. டெஸ்க்குக்கு அடியில், பாவாடை மடிப்புக்குள், அவள் கட்டைவிரல் ஒவ்வொரு விரலாகத் தொட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். “உக்காரும்மா” என்றேன். பிறகு அந்த வகுப்பில் என்ன எடுத்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

பள்ளி ரெஜிஸ்டரில் அவர் முகவரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நித்யாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூணித்துறைக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போது என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. தையல் கடைக்கு மேலே மாடி வீடு. வேறு பள்ளி எதுவும் கிடைக்காமல் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறார் என்று கீழே தையல்காரர் சொன்னார். அதைக் கேட்டதும் நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் ஒன்றுக்கும் ஆகாமல் போய்விட்டன.

கதவைத் திறந்தவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. “மோளே, எவ்வளவு வளர்ந்துட்டே” என்று நித்யாவின் தலையில் கை வைத்தார். பிறகுதான் நிமிர்ந்தார். சிரிப்பு இல்லை. “வாங்க டீச்சர்.”

“அன்னைக்கு நான் எல்லாரும் இருக்கும்போது...”

“அது பின்னால பேசலாம். என்ன விஷயம்?”

சொன்னேன். சாயங்காலம் இருப்பது காலையில் போய்விடுவதைச் சொன்னேன். வெளியே நிறுத்தியதையும் சொன்னேன். அவர் நித்யாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சரியம் எதுவும் அவர் முகத்தில் இல்லை.

“உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியும்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா டீச்சர்?”

அவர் நித்யாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே காலெடுத்து வைத்தேன். அவர் திரும்பி நின்றார்.

“நீங்க கொஞ்சம் வெளியில இருக்கணும்.”

“நான் ஒண்ணும் பேச மாட்டேன்.”

“பேச வேண்டாம், இருந்தாலே போதும். உங்க முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் அவ விடை தேடுவா.”

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கவில்லை. நான் மாடிப்படி முனையில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, வெட்கத்தை விட்டுவிட்டுக் கதவில் காதை வைத்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு நித்யாவின் குரல். என்னவோ சொல்லிக்கொண்டே போனாள், நிறுத்தினாள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ரெண்டு மாதமாக அவள் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நடுவில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சொல்லிக்கொடுக்காமல் என்ன செய்கிறார் உள்ளே என்று, அப்போதும், அந்தக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டும், என் மனசு கேட்டது.

எதிர் வீட்டு சேச்சி துணி உலர்த்த வந்தவர் என்னை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு நின்றார்.

“ஆரா?” என்று கேட்டார்.

காதை எடுத்துக்கொண்டு நேராக நின்றேன். டீச்சர் என்று சொல்ல வாய் எழவில்லை.

“உள்ள படிக்கிற குழந்தையோட அம்மா” என்றேன்.